எட்டுக் குதிரைக்கு நாடி பார்த்தவர்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும், குற்றாலத்துச் சாரல் இனி என் தலையில் மட்டும் விழாமல் போகட்டும். தென்காசிக்காரன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது. சத்தியம் போதாதென்றால் சாட்சியும் உண்டு. அந்தக் காரோடு வந்த கையேடு, அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறையோடு என் மேஜைமேல் இருக்கிறது. அளவோ எண்ணிக்கையோ எதைச் சொன்னாலும் அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். கார்க் கம்பெனியின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். நடந்தவற்றில் அவர்கள்மேல் குற்றம் எதுவும் இல்லை. பாவம், வெள்ளைக்காரர்கள். வெந்தயத்தை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1959, ஆடி மாதத்து முதல் ஞாயிறு, காலை பத்து மணி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில், மேலகரம் வளைவைத் தாண்டி, வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு மருத மரத்தின் நிழலில் கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

ஓட்டி வந்தவர் ஆவுடைநாயகம். தென்காசியில் நாட்டு வைத்தியர். நாடி பார்ப்பதில் சூரர். அவருக்கு இடப்பக்கம், மடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி கல்யாணசுந்தரி.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். ஒரே மகளை ராயகிரியில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் மிச்சம் இவர்கள் இரண்டு பேரும், சில நூறு நோயாளிகளும். சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். அருவியில் குளிக்க வருகிறவனுக்குச் சொந்த ஊரில் இல்லாத வியாதியெல்லாம் தென்காசி ஸ்டேஷனில் இறங்கியதும் ஞாபகம் வரும். வைத்தியர் சாப்பிடும்போதும் இடது கையை எவனாவது பிடித்துக்கொண்டிருப்பான். நாலு மைல் தூரத்து அருவிக்கு மனைவியைக் கூட்டிப்போக அவருக்குப் பதினெட்டு வருஷமாக நேரம் வாய்க்கவில்லை.

ஆனி கடைசியில் கல்யாணசுந்தரி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"இந்த ஆடிக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழம என்னைக் கூட்டிட்டு ஐந்தருவிக்கு வரணும். இல்லன்னா நான் தம்பி வண்டியில போய்க்கிடுதேன்."

தம்பி என்றால் அச்சன்புதூர் வீரபாகு. விவசாயி, மாட்டு வண்டிக்காரன், வாய்க்குப் பூட்டில்லாதவன். அக்காளை அவன் அருவிக்குக் கூட்டிப்போனால், 'அத்தானுக்கு நேரமில்லையாம்' என்பது பொழுது சாய்வதற்குள் சுந்தரபாண்டியபுரம்வரை போய்விடும். வைத்தியர் வாக்குக் கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றத்தான் அந்தக் கார்.

கார் வந்த விதம் வேறு. ஆரியங்காவுப் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவருக்கு மூன்று நாள் நிற்காத விக்கலை வைத்தியர் ஒரு கஷாயத்தில் நிறுத்தினார். ஊருக்குக் கப்பலேறும்போது துரை தன் காரை அவருக்கு விட்டுப்போனார். நன்றிக்கா, அந்தக் கஷாயத்தின் கசப்புக்குப் பழியா என்பது கடைசிவரை தெரியவில்லை. கையேட்டின்படி, சிலிண்டர் நாலு. திறன் எட்டுக் குதிரை. பாட்டரி ஆறு வோல்ட்டு. அதைக்கொண்டு விளக்கு எரிக்கலாம், எஞ்சினை எழுப்ப முடியாது. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றத்தான் வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீரைச் சுழற்றப் பம்ப்பு கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே போகும், ஆறினது தானாகக் கீழே வரும். இதைப் படித்ததும் வைத்தியர், "நம்ம ரத்த ஓட்டம் மாதிரிதான்" என்றார். அன்றைக்கே அவருக்குக் கார் ஒரு நோயாளியாகிவிட்டது.

மருத மரத்தடிக்கு வருவோம். வைத்தியர் இறங்கி, மூடியைத் தூக்கி, ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய்மேல் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார். ரோட்டில் போன இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"பித்தம்" என்றார் வைத்தியர். "உடம்புச் சூடு ஏறிட்டு."

"அதுவும் களைச்சிருக்கும்லா, கொஞ்சம் ஆறட்டும்" என்றாள் கல்யாணசுந்தரி. அவள் அதற்குள் மரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து, புளியோதரையும் கூழ்வற்றலும் எடுத்துவைத்திருந்தாள். "உக்காருங்க. நீங்களும் பித்தத்தோடதான் இருக்கிய."

வேறு வழியில்லை. உட்கார்ந்தார். பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடியது. கையை நீட்ட நோயாளி யாருமில்லை. அன்றைக்குத்தான், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, மனைவிக்கு முருங்கைக்காய் பிடிக்காது என்பது அவருக்குத் தெரிந்தது. அவருக்குப் பிடிக்குமென்று வாரம் மூன்று தடவை வைத்திருக்கிறாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, "நான் உள்ள உக்காந்துக்கிடுதேன், இப்பம் சுத்திப் பாருங்க" என்று அவள் முதலில் ஏறிக்கொண்டாள். வைத்தியர் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். கார் உறுமிக்கொண்டு எழுந்தது. ஆனால் பன்னிரண்டு மணிக்குத் திரும்புவதாக வாசல் கதவில் சீட்டு ஒட்டியிருந்தார். அருவிக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த மசூதுவிடம் நடந்ததைச் சொன்னார். மசூது நல்ல மெக்கானிக்கு, குறைவாகப் பேசுகிறவர். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, பெட்ரோல் டேப்பு திறந்திருந்துதா?"

வைத்தியருக்கு முகம் கறுத்துவிட்டது. நாடி பார்த்தவனிடம், ஆளுக்கு மூச்சு இருந்ததா என்று கேட்பதுபோல் இருந்தது அவருக்கு. திறக்கவேண்டியதெல்லாம் திறந்துதான் இருந்தது, இது பித்தக் கோளாறு, இதற்கு மெக்கானிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து, பித்தத்துக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். அரைப்படி வெந்தயத்தை ரேடியேட்டருக்குள் போட்டு மூடினார்.

வெந்தயத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். உள்ளே அது ஊறியது, உப்பியது, கொழகொழத்தது. அதுவரை சூடு காணாத எஞ்சின் புதன்கிழமை பெரிய கோயில் வாசலில் கொதித்து, மூடி தெறித்து, கோபுரத்தின் முதல் நிலைவரை கஞ்சி பீச்சியது. வியாழக்கிழமை அப்படியே விட்டுவைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் ரேடியேட்டர் வாயில் வெந்தயம் இரண்டு அங்குலம் முளைத்திருந்தது. கல்யாணசுந்தரி அதைக் கிள்ளிக் கூட்டு வைத்தாள். நல்ல கூட்டு என்று கேள்வி.

சனிக்கிழமை முழுக்க மசூது கம்பி விட்டுச் சுரண்டினார். "இதுக்கு வெறும் தண்ணி போதும் அண்ணாச்சி" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் ஞாயிறு. மேலகரம் வளைவு. பாலம். மருத மரம். கார் இருமியது, நின்றது.

ரேடியேட்டர் இளஞ்சூடாகத்தான் இருந்தது. வைத்தியர் பெட்ரோல் வரும் செம்புக் குழாயைத் தட்டிக் காதைவைத்துக் கேட்டார். உள்ளே ஒன்றும் ஓடுகிற சத்தமில்லை. "வாதம்" என்றார். "குழாய்க்குள்ள வாயு அடைச்சிருக்கு."

இதை முழுப் பிசகென்று சொல்வதற்கில்லை. பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைப்பது அந்தக் காலத்துச் சின்னக் கார்களுக்கு உள்ள வியாதிதான். ஈரத்துணியைக் குழாயில் சுற்றினால் சரியாகிவிடும். வைத்தியர் ஈரத்துணி சுற்றினார். ஆகவில்லை. ஆகும்வரை எலுமிச்சைச் சாதம். கல்யாணசுந்தரிக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. சின்ன வயதில் அச்சன்புதூர் வயலில் கிளி விரட்டப் பழகியதாம். அடித்தும் காட்டினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த நாலு ஆடுகள் ஓடி வந்தன.

பிறகு அவள் ஏறிக்கொண்டாள், அவர் சுற்றினார், கார் கிளம்பியது, மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, திரும்பினார்கள்.

வாயுவுக்கு மருந்து பெருங்காயம். திங்கள்கிழமை காலையில் கட்டிப் பெருங்காயத்தை இடித்துப் பெட்ரோல் தொட்டிக்குள் போட்டார். புகைக்குழாயிலிருந்து வந்த வாசனையைப் பற்றி நான் கூட்டிச் சொல்லவில்லை. கார் கீழரத வீதியில் போனபோது நாலு வீட்டில் இலை போட்டுவிட்டார்கள். மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது. கல்யாண வீடு எங்கே என்று கேட்டபடி ஒரு கூட்டம் பின்னாலேயே வந்தது. ஆசாத் நகர் திருப்பத்தில் கார்புரேட்டரின் ஊசித் துவாரம் அடைத்துக்கொண்டு கார் நின்றபோது, கூட்டம் ஏமாற்றத்தில் கலைந்தது.

அந்த வாரமும் மசூதுக்கு வேலை. தொட்டியைக் கழற்றி, கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். மறுபடியும் அதே கேள்வி. "டேப்பு திறந்திருந்துதா அண்ணாச்சி?" வைத்தியர் கூலியை எண்ணிவைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

மூன்றாம் ஞாயிறு நல்ல சாரல். மருத மரத்தடியில் கார் நின்றபோது கல்யாணசுந்தரி குடையை விரித்துவிட்டாள். தூக்குச்சட்டியில் சூடாக உளுந்தஞ்சோறு, துவையல் தனியாக. ஒரே குடை. இரண்டு பேரும் நனையாமலிருக்க, நெருங்கித்தான் உட்காரவேண்டியிருந்தது.

"பித்தமும் இல்ல, வாதமும் இல்லன்னா கபம்தான்" என்றார் வைத்தியர், வாயில் சோற்றோடு. "எனக்கு மொதல்லயே தோணிச்சு. ஈரக்காத்து நெஞ்சுல சேந்துட்டு."

இதிலும் நியாயம் இருக்கிறது. சாரல் ஈரம், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கும் மூடிக்குள் புகுந்தால் பொறி பறக்காது. துடைத்தால் போதும். ஆனால் வைத்தியர் அரைகுறையாக வைத்தியம் பார்க்கிறவரா? சாப்பிட்டு எழுந்ததும் நாலு ஒயரையும் பிடுங்கினார். நாலு பிளக்கையும் கழற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, சுக்குப் பற்றுப் போட்டு, துடைத்து, திரும்ப மாட்டினார். மாட்டும்போதுதான் கையேட்டைப் பார்த்தார். பொறி எரியவேண்டிய வரிசை அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது. ஒன்று, இரண்டு, நாலு, மூன்று.

வைத்தியர் அதை மூன்று தடவை படித்தார்.

"மூணாவது பிள்ளை இருக்கையில நாலாவதுக்குக் கல்யாணம் பண்ணுவாங்களா? அச்சுப்பிழையாட்டும் இருக்கு" என்று சொல்லி, குடும்ப முறைப்படி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒயரை மாட்டினார்.

கல்யாணசுந்தரி ஏறிக்கொண்டாள். அவர் சுற்றினார். கார் வெடித்தது. மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பிக் கேரளத்துக்குப் போய்விட்டது. இரும்புக் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று வைத்தியரின் வலது மணிக்கட்டில் அறைந்தது. நாடி பார்க்கும் கை.

அந்த நேரம் பார்த்து, குற்றாலத்துக்குத் தேங்காய் இறக்கிவிட்டு வீரபாகுவின் வண்டி வந்தது. அவன் அக்காளைப் பார்த்தான், அத்தானின் வீங்கின கையைப் பார்த்தான், பிறகு கயிற்றை எடுத்துக் காரை வண்டிக்குப் பின்னால் கட்டினான். அதுவரை சும்மா இருந்தவன், தென்காசிக்குள் நுழைந்ததும் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"எட்டுக் குதிரை அண்ணாச்சி. ரெண்டு மாடு இழுக்குது."

வீட்டு வாசலில் இறங்கியதும், ஆடி முடியப்போகிறது, அடுத்த ஞாயிறு அக்காளை நானே அருவிக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். கல்யாணசுந்தரி குடையை உதறி மடக்கினாள். வைத்தியர் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்த ஞாயிறும் நீ வண்டியோட பின்னாலேயே வா மாப்பிளே. கார் நடுவழியில நின்னுச்சுன்னா, உங்க அக்காவை நீயே கூட்டிட்டுப் போ. காரை அன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்டிருதேன்."

கல்யாணசுந்தரி சட்டென்று அவரைப் பார்த்தாள். பிறகு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாலாம் ஞாயிறு. வைத்தியரால் ஓட்டமுடியாது, ஒயரைக் கையேட்டு வரிசைப்படி திருப்பி மாட்டிய மசூதே ஓட்டினார். அதனால் மனைவி இருந்த இடப்பக்க இருக்கையில் வைத்தியர். பின்னால் கல்யாணசுந்தரி. அதற்கும் பின்னால் வீரபாகுவும் இரண்டு மாடுகளும்.

மேலகரம் நெருங்கும்போது வைத்தியர் காலை நீட்டினார். எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தபோது, தீராத நோய்க்கு மருந்து அகப்பட்டால் அவர் முகத்தில் ஒரு களை வருமே, அது வந்திருந்தது. காலை மடக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். மசூதும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைவு போயிற்று. பாலம் போயிற்று. கார் நிற்கவில்லை. கல்யாணசுந்தரி மட்டும் தலையைத் திருப்பி, மருத மரம் மறையும்வரை பார்த்தாள்.

குற்றாலம் வந்து, ஐந்தருவியும் வந்துவிட்டது. ஆனியில் கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது. வைத்தியர் காரைவிட்டுக் காலைக் கீழே வைத்தார்.

"அய்யா, நம்ம தென்காசி வைத்தியர்லா" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தர் கையை நீட்டினார். அவ்வளவுதான். அருவிக்கரையில் இருந்த முதுகுவலி, மூட்டுவலி, தூக்கமின்மை எல்லாம் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டன. வலது கை ஆகாதென்றால் இடது கையால் பாருங்கள் என்றார்கள். ஒருத்தன் அருவிக்குள் நின்றபடியே கையை மட்டும் வெளியே நீட்டினான்.

கல்யாணசுந்தரி பெண்கள் பக்கம் போய்த் தனியாகக் குளித்தாள். வந்து தலையைத் துவட்டினாள். காரின் பின்னிருக்கையில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்தாள்.

"சாப்பிட வாரியளா?"

"இன்னும் ஒரே ஒரு ஆளு."

ஒரு மணி நேரத்தில் நாலு தடவை கேட்டாள், நாலு தடவையும் ஒரே ஒரு ஆள். ஐந்தாம் தடவை அவள் கேட்கவில்லை. சட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். அந்தச் சத்தத்துக்கு வைத்தியர் திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த கையை விட்டார். பாதி வரிசையை அப்படியே நிற்கவைத்துவிட்டு வந்து இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"வண்டிய எடுங்க மசூது" என்றார்.

வீரபாகு இதையெல்லாம் பார்க்கவில்லை. மாடுகளைக் குளிப்பாட்டி, தானும் குளித்து, அரைமணி கழித்துக் கிளம்பினான். மனசு கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தது. கார் நிற்காமல் போனதை ஊரில் எப்படிச் சொல்வது? வாய்க்கால் பாலம் கண்ணில் பட்டதும் அவன் முகம் மலர்ந்தது. ரோட்டோரத்தில் கார் அசையாமல் நின்றது. மசூது பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது அடி தள்ளி, மருத மரத்தடியில், அக்காளும் அத்தானும் ஜமுக்காளத்தில் இருந்தார்கள். அத்தானுக்குக் கை ஆகாதே, அக்காள் சோற்றை உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சீட்டிச் சத்தமும் கேட்டது. அடித்தது அத்தான், சரியாக வரவில்லை.

வீரபாகு வண்டியிலிருந்து குதித்துக் கயிற்றை எடுத்தான்.

"என்னவே மசூது, இந்தத் தடவை பித்தமா, வாதமா? பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லிவிடட்டுமா?"

மசூது பீடியை அணைத்தார்.

"கயித்தை உள்ள வையும். இந்த வண்டி தானா நின்னதே கெடையாது. மூணு ஞாயிறும் மதினி மேலகரம் வளைவுல வச்சுக் கால் விரலால பெட்ரோல் டேப்பை மூடிருவாவ, சரியா மரத்தடியில வந்து நிக்கும். மஞ்சக்கறை இருக்கு பாரும் அதுல. இன்னைக்கு மூடினது அண்ணாச்சி. அவுகளுக்குப் பழக்கமில்லலா, அம்பது அடி முந்தியே நின்னுட்டு."

நடந்தது இவ்வளவுதான். ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லை. எழுதி முடித்ததும், அளவெல்லாம் சரியா என்று கையேட்டை மறுபடி புரட்டினேன். பதினேழாம் பக்கத்தில் போட்டிருக்கிறது: இந்த மாடலுக்குப் பெட்ரோல் டேப்பு கிடையாது.